எண்ணெய் தேய்த்துக் குளித்த ஏர் ஃபில்டர்

அன்று பட்டறையில் இருந்தவர்கள்:

நான்.

எழுமலையில் விதைக்கடை வைத்திருப்பவர். காருக்குச் சொந்தக்காரர். பட்டு வேட்டி, பட்டுச் சட்டை.

அவர் சம்சாரம். மடியில் சீர்த்தட்டு. தட்டில் கொலுசு, பட்டுப்பாவாடை, பழங்கள்.

காது குத்தும் ஆசாரி. எழுபது வயதுக்கு மேல். கையில் சின்ன மரப்பெட்டி.

கிடா ஒன்று. கழுத்தில் மாலை, நெற்றியில் மஞ்சள்.

கிடாவை ஆள் கணக்கில் ஏன் சேர்த்தேன் என்று கேட்பீர்கள். அன்று நடந்த தப்பில் எனக்கு எவ்வளவு பங்கோ, அதற்கும் அவ்வளவு பங்கு உண்டு.

நாகமலை புதுக்கோட்டையில் என் பட்டறை. முப்பத்தொரு வருஷம் நடத்தினேன். இப்போது கை நடுங்குகிறது. விட்டுவிட்டேன். நீங்கள் இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். உங்களுக்காக ஏதாவது எழுதிக் கொடு என்று மெக்கானிக் சங்கத்தில் கேட்டார்கள். ஸ்பேனர் பிடிப்பது எப்படி என்று நான் எழுதப்போவதில்லை. அது கைக்குத் தானே வரும். நான் எட்டாவதோடு நின்றவன். பேச்சும் குறைவு. பேச்சுக் குறைவால் வந்த ஒரு தப்பை எழுதுகிறேன்.

உங்களிடமும் வாரத்துக்கு ஒருவராவது கேட்பார். "அண்ணே, பெர்ஃபார்மன்ஸ் ஃபில்டர் போடலாமா? பிக்கப் கூடுமாமே?" போனில் வீடியோ காட்டுவார். கூம்பு மாதிரி இருக்கும். சிவப்புத் துணி, பளபளவென்று வளையம். பார்த்தால் யாருக்கும் ஆசை வரும்.

உள்ளதைச் சொல்கிறேன். கம்பெனி விட்டபடியே ஓடுகிற காருக்கு அது பெரிதாக ஒன்றும் செய்யாது. சத்தம் மாறும். சத்தம் மாறினால் கால் கூட அழுத்தும். கால் அழுத்தினால் வண்டி ஓடத்தான் செய்யும். கூம்பு சில வண்டியில் பானட்டுக்குள் திறந்தபடி நிற்கும். எஞ்சின் சூட்டையே திரும்ப இழுக்கும். எஞ்சினில் இருந்து சைலன்சர் வரைக்கும் கைவைத்து, ரேஸுக்குப் போகிறவனுக்கு அது உதவலாம். நம் ஆட்கள் ரேஸுக்குப் போகவில்லை. உசிலம்பட்டி சந்தைக்குப் போகிறார்கள். நம் பக்கம் மண். செங்கல் சூளை, நெல் அடிக்கிற தூசு, தோண்டிப் போட்ட ரோடு. மண்ணைத் தடுப்பதுதான் ஃபில்டருக்கு முதல் வேலை. நேரத்துக்கு மாற்றிய பேப்பர் ஃபில்டர் அதைச் செய்யும்.

பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கும் ஒரு பேராசிரியர் என்னிடம் இந்தக் கூம்பை மாட்டினார். பழையதோடு பத்து நாள், புதியதோடு பத்து நாள் ஓட்டி, டீசல் கணக்கை நோட்டில் எழுதிக்கொண்டு வந்தார். காட்டினார். வித்தியாசம் இல்லை. "அப்ப கழட்டிரவா சார்?" என்றேன். "வேணாம், சத்தம் நல்லாருக்கு" என்று போய்விட்டார். படித்தவரே அப்படி.

இனி விதைக்கடைக்காரர்.

அவருக்கு ஒரே தங்கச்சி. டவுனுக்கு அந்தப் பக்கம் கே.கே. நகரில் கட்டிக் கொடுத்திருந்தார். மாப்பிள்ளை ஆபீஸ் வேலை. தங்கச்சியின் முதல் பெண்ணுக்குக் காது குத்து வைத்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். இவர் கிளம்பி வந்த கார் வழியில் இருமி இருமி நின்றுவிட்டது. ஆட்டோ பிடித்துப் போவதற்குள் ஒரு மணி நேரம் தாமதம். மாப்பிள்ளையின் சித்தப்பா மகன் மடியில் வைத்துக் குத்தி முடித்துவிட்டார்கள். அந்தப் போட்டோவைப் பெரிதாக்கி வீட்டுக் கூடத்தில் மாட்டியும் விட்டார்கள். அதற்குப் பிறகு தங்கச்சி மூன்று வருஷமாக இவர் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

இப்போது இரண்டாவது பெண்ணுக்குக் காது குத்து வருகிறது. இதற்குமேல் பிள்ளை இல்லை என்று ஆபரேஷனும் செய்தாயிற்று. இதை விட்டால் அவருக்கு மடி இருந்தும் உட்கார வைக்கப் பிள்ளை கிடையாது.

அதற்கு நாலு மாதம் முன்னால்தான் முதல்முறையாக என் பட்டறைக்கு வந்தார். டீசல் கார். பானட்டைத் திறந்து ஃபில்டரை எடுத்தேன். கறுப்பாக இருந்தது. உள்ளே மக்காச்சோளச் சருகு. வாங்கின நாளில் இருந்து மாற்றவில்லை, தட்டித் தட்டியே மாட்டியிருக்கிறார். அன்று வழியில் நின்றதற்குக் காரணம் இதுதான்.

"பேப்பரை மாத்துனாப் போதும் தம்பி" என்றேன்.

"போதும்ங்கிற கதையே வேணாம்ணே. போன தடவையும் போதும்னுதான் கிளம்புனேன். கூடவே வேணும்." கையில் அட்டைப்பெட்டி வைத்திருந்தார். கூம்பு. ஏற்கெனவே வாங்கிவிட்டார்.

மாட்டிக் கொடுத்தேன். கம்பெனிப் பெட்டியைக் கழற்றிப் பரணில் போட்டேன். போகும்போது அவரிடம் இவ்வளவுதான் சொன்னேன்: "இதை மாத்த வேண்டியதில்ல. கழுவி, எண்ணெய் போட்டு மாட்டிக்கலாம்."

"எப்பண்ணே?"

"அழுக்கானா."

போய்விட்டார். பெட்டிக்குள் சின்னப் பாட்டிலில் அதற்கென்று எண்ணெய் இருந்தது. ஆங்கிலத்தில் ஒரு காகிதமும் இருந்தது. அவரும் படிக்கவில்லை. நானும் படிக்கவில்லை.

காது குத்து வெள்ளிக்கிழமை. ஒன்பதில் இருந்து பத்தரைக்குள் நல்ல நேரம். பத்தரைக்கு ராகு காலம் தொடக்கம். அன்று காலை எட்டே முக்காலுக்கு நான் பட்டறையைத் திறந்து சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தேன். கார் வருவதற்கு முன்னால் வாசம் வந்தது. பணியாரம் சுடுகிற வாசம். பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்னண்ணே, பட்டறையில பலகாரமா?" என்றார்.

பின்னாலேயே கார் வந்தது. கறுப்புப் புகை. நடக்கிற வேகம்.

விதைக்கடைக்காரர் குதித்து இறங்கினார். "இழுக்க மாட்டேங்குதுண்ணே. செக்கானூரணில இருந்து டிராக்டரெல்லாம் முந்திட்டுப் போகுது. வைக்கோல் ஏத்துன டிராக்டர்ணே. அவன் திரும்பிப் பாத்துச் சிரிக்கிறான்."

பின் சீட்டில் ஆசாரியும் கிடாவும் உட்கார்ந்திருந்தார்கள். சீர் ஏற்றிய வேன் விடியும் முன்பே போய்விட்டதாம். கிடா மட்டும் வேனில் ஏற மாட்டேன் என்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியிருக்கிறது. பிடித்து வந்து காரில் ஏற்றியிருக்கிறார்கள். கிடா வெட்டு ஞாயிற்றுக்கிழமைதான். ஆனால் சீரோடு போய்ச் சேர வேண்டும்.

பானட்டைத் திறந்தேன். கூம்பு எண்ணெயில் மின்னியது. சொட்டியது. வழியில் இழுத்த தூசெல்லாம் அதில் ஒட்டி அல்வா பதத்துக்கு வந்திருந்தது. மடிப்புக்குள் உருண்டையாக ஏதோ தெரிந்தது. எடுத்துக் காட்டினேன்.

"இது என்ன?"

"மிளகுண்ணே."

"ஃபில்டர்லயா?"

"எண்ணெய் காச்சுறப்ப மிளகு சீரகம் போடணும்லண்ணே. இல்லன்னா சளி பிடிக்கும்."

"யாருக்கு?"

கொஞ்சம் யோசித்தார். "எனக்குத்தாண்ணே. ரெண்டு பேருக்கும் ஒரே எண்ணெய்தான்."

பிறகு முழுதாகச் சொன்னார். புதனும் சனியும் அவருக்கு எண்ணெய்க் குளியல். ஃபில்டருக்கும் அதே நாள். துவைக்கிற கல்லில் இவர் உட்காருவார், பக்கத்தில் அது உட்காரும். நல்லெண்ணெய் காய்ச்சி இரண்டு பேருக்கும் தேய்ப்பார். அரை மணி நேரம் வெயில். பிறகு சீயக்காய். பிறகு வெந்நீர்.

"வெந்நீரா?"

"எண்ணெய் தேச்சுட்டுப் பச்சத்தண்ணி ஊத்தக் கூடாதுல்லண்ணே."

"இது யாரு சொல்லிக் குடுத்தது?"

"நீங்கதாண்ணே. கழுவி எண்ணெய் போடுன்னீங்க. மனுசனுக்கு எண்ணெய் முன்னாடி, கழுவுறது பின்னாடி. நீங்க அவசரத்துல மாத்திச் சொல்லிட்டீங்கன்னு நானே சரி பண்ணிக்கிட்டேன்."

கையில் இருந்த மிளகைத் தூக்கிப் போட்டேன்.

"அந்தச் சின்னப் பாட்டில்?"

"அது ஒரு மாதிரி மருந்து வாடைண்ணே. அம்புட்டையும் ஊத்துனாலும் ஒரு உள்ளங்கை வராது. எவனோ கஞ்சப்பய குடுத்திருக்கான்னு தூக்கிப் போட்டேன்."

நாலு மாதமாக வண்டி ஓடியிருக்கிறது. எப்படி என்று எனக்குப் புரிந்துவிட்டது. சீயக்காய் எண்ணெயை எடுத்துவிட்டது. அது காப்பாற்றியது.

"இந்தப் புதன் என்ன செஞ்சீங்க?"

அவர் சம்சாரம் தட்டில் இருந்த பழத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

"இந்தப் புதன் சீயக்காய் போடலண்ணே. டப்பாவைக் காணோம். துண்டால நல்லாத் துவட்டுனேன். விசேசத்துக்குப் போகுதேன்னு எண்ணெய் மட்டும் ரெண்டு கை கூட வச்சேன்."

"டப்பாவை நாந்தான் ஒளிச்சு வச்சேன்" என்றார் சம்சாரம்.

"அடியே!"

"என்ன அடியே? கிலோ கிலோவா அரைச்சு வைக்கிறேன். எனக்குத் தலை முழுக ஒரு பிடி இருக்கா? நாத்தனா வீட்டு விசேசத்துக்குப் போறேன், எந்தலை இருக்குற இருப்பப் பாருங்கண்ணே. காரு தலை மட்டும் மினுமினுன்னு இருக்கு!"

ஆசாரி காருக்குள் இருந்தபடியே சொன்னார். "முடி இல்லாத தலைக்கு எதுக்குய்யா எண்ணெய்?"

தம்பிகளா, இங்கே கொஞ்சம் நிற்கிறேன். சிரிப்பு வரும். எனக்கு அன்று வரவில்லை. எண்ணெய் என்று நான் சொன்னேன். என்ன எண்ணெய் என்று சொல்லவில்லை. எத்தனை சொட்டு, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, கழுவியபின் ஒரு நாள் முழுக்கக் காய வேண்டும், எதுவும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது அவருக்கும் தெரியும் என்று நினைத்தேன். வாய் வலிக்காமல் இருக்க நாலு வார்த்தையில் முடித்தேன். அவர் சொன்னதைக் கேட்கிற மனுஷன். நான் சொல்லாததை அவருக்குத் தெரிந்த வழக்கத்தில் இருந்து எடுத்து நிரப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு கழுவி மாட்டுகிற எந்தச் சாமானை யாருக்குக் கொடுத்தாலும், ஆளை உட்கார வைத்து என் முன்னாலேயே ஒருமுறை செய்து காட்டச் சொன்னேன். பொறுமையில்லாதவர்களுக்குப் பேப்பர்தான் மாட்டினேன்.

விதைக்கடைக்காரர் போன் அடித்தது. மாப்பிள்ளை. கூம்பைத் தொட்டுப் பார்த்த கையெல்லாம் எண்ணெய் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"மச்சான், எங்க இருக்கீங்க?"

"வந்துட்டேன் மாப்ள. வந்துக்கிட்டே இருக்கேன்."

கிடா கத்தியது.

"ஆடு கத்துது? சந்தையிலயா இருக்கீங்க?"

"கார்லதான் மாப்ள. அது நம்ம சீரு."

"ஆசாரி உங்க கூடத்தான வாராரு?"

"எங்கூடத்தான் மாப்ள." இவர் முகத்தில் லேசாகச் சிரிப்பு. வேண்டுமென்றேதான் ஆசாரியைத் தன் காரில் ஏற்றியிருந்தார். ஆசாரி இல்லாமல் அங்கே ஆரம்பிக்க முடியாது என்று கணக்கு.

"பரவால்ல மச்சான், மெதுவா வாங்க. எதுத்தாப்ல கிளினிக் இருக்கு. டாக்டரம்மா துப்பாக்கி மாதிரி ஒண்ணு வச்சிருக்காங்க. டொப்புன்னு ஒரு செகண்டு. பத்தேகாலுக்கு வரச் சொல்லிருக்கேன். மடிக்கு எங்க சித்தப்பா மகன் ரெடியா இருக்காப்ல. போன தடவை உக்காந்த அனுபவம் இருக்குல்ல."

போனை வைத்தார். சிரிப்பு போய்விட்டது. பட்டுச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

மணி ஒன்பது. அந்த நிமிஷமே நான் ஆட்டோவைக் கூப்பிட்டிருக்க வேண்டும். செய்யவில்லை. கார் முன்னால் நின்றால் எனக்குக் காரை மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். நிறைய மெக்கானிக்குக்கு இந்த வியாதி உண்டு. உங்களுக்கும் வரும். வண்டியை ஓட வைக்க வேண்டுமா, வந்த ஆளைப் போக வைக்க வேண்டுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கூம்பைக் கழற்றினேன். அதற்குப் பின்னால், எவ்வளவு காற்று போகிறது என்று அளக்கிற சென்சார். அதன் மேலெல்லாம் எண்ணெய். காற்றே வரவில்லை என்று அது எஞ்சினுக்குப் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. சுத்தம் செய்தேன். குழாயைத் துடைத்தேன். பரணில் ஏறிக் கம்பெனிப் பெட்டியைத் தேடி எடுத்தேன். அந்தக் காருக்கு உண்டான பேப்பர் ஃபில்டர் புதிது ஒன்று அலமாரியில் இருந்தது. ஒன்றே ஒன்று. உறையைப் பிரித்துச் சாக்கின் மேல் வைத்தேன். பெட்டிக்குள் இருந்த தூசியைத் துடைக்கத் திரும்பினேன்.

அவர் சம்சாரம் கிடாவுக்குத் தண்ணீர் காட்ட இறக்கிவிட்டிருந்தார்.

மொறுமொறுவென்று சத்தம் கேட்டது.

மடிப்பு மடிப்பாகத் தின்று முடித்திருந்தது. ரப்பர் விளிம்பை மட்டும் மிச்சம் வைத்திருந்தது.

"எங்க தெருவுல ஒரு போஸ்டர் தங்காதுண்ணே" என்றார் விதைக்கடைக்காரர். குரலில் கொஞ்சம் பெருமை கூட இருந்தது. பிறகுதான் அவருக்கு உறைத்தது. "அய்யய்யோ. அதுதான் நம்ம பில்டரா?"

"பேப்பர்தான. செரிச்சுரும்" என்றார் ஆசாரி.

உதிரி பாகக் கடைக்குப் போன் போட்டேன். முதலாளி கோயிலுக்குப் போயிருக்கிறார், சாவி அவரிடம், பத்து மணி ஆகும் என்றார்கள். மணி ஒன்பது முப்பத்தைந்து.

"ஆட்டோவுக்குச் சொல்றேன்" என்றேன்.

"வேணாம்ணே."

"நேரம் இல்ல தம்பி."

"வேணாம்ணே. போன தடவை ஆட்டோல போய் இறங்குனேன். அந்த மூத்த பிள்ளை இன்னைய வரைக்கும் என்னை 'ஆட்டோ மாமா'ன்னுதான் கூப்புடுது. இந்தப் பிள்ளையும் அப்புடிக் கூப்புடணுமா?"

"ஏங்க, மாமான்னு கூப்புடுதுல்ல, அது போதாதா?" என்றார் சம்சாரம்.

"போதும்ங்கிற பேச்சையே எடுக்காத!" என்று கத்தினார். பிறகு கிடந்த டயர் மேல் பட்டு வேட்டியோடு உட்கார்ந்துவிட்டார். குனிந்து கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இது கடைசிப் பிள்ளைண்ணே. இதுவும் போச்சுன்னா எந்தங்கச்சி முகத்துல எப்புடிண்ணே முழிப்பேன்?"

காரைப் பார்த்தேன். ஒரு வழி இருந்தது. நல்ல வழி இல்லை.

"ஏறுங்க. ஃபில்டர் இல்லாமப் போவோம். நாந்தான் ஓட்டுவேன்."

"பில்டர் இல்லாம மூச்சு விடுமாண்ணே?"

"இப்பத்தான் விடும்."

வெறும் பெட்டியை மாட்டி மூடினேன். கே.கே. நகருக்கு எப்படியும் பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். தார் ரோடு. முன்னால் வண்டி இல்லாமல், மெதுவாக, மண் கிளம்பாமல் போனால் எஞ்சின் தாங்கும். ஒருமுறை. அவசரத்துக்கு. இதை நீங்கள் வழக்கமாக்காதீர்கள்.

கிளம்பினோம். காலை முழுவதும் மூச்சுமுட்டிக் கிடந்த வண்டி. மிதித்ததும் பாய்ந்தது.

"அண்ணே!" என்றார். "அண்ணே, பறக்குதுண்ணே! இதாண்ணே பிக்கப்பு! இது என்ன கம்பெனி?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லாததே இம்புட்டு இழுக்குதா? நாலு மாசமா நான் தேடுனது இதத்தாண்ணே. இனி இதையே வச்சுக்குவோம்."

"அப்ப எனக்குச் சீயக்காயும் மிச்சம்" என்றார் சம்சாரம் பின்னால் இருந்து.

அடைப்பை எடுத்ததால் வந்த இழுப்பு அது. புதுப் பேப்பர் மாட்டியிருந்தாலும் இதே இழுப்புதான் வந்திருக்கும். அவரிடம் சொன்னேன். இந்தமுறை முழுதாகச் சொன்னேன். ஃபில்டர் இல்லாமல் ஓட்டினால் மண் உள்ளே போகும். சிலிண்டரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி தேய்க்கும். ஒரு டம்ளர் மண் போனால் எஞ்சின் முடிந்தது. அவர் தலையாட்டினார். கேட்டாரா என்று தெரியவில்லை. டிராக்டர்காரன் எங்கேயாவது தென்படுகிறானா என்று ஜன்னல் வழியாகத் தேடிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச தூரத்தில் ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஒரு வண்டி போகிற அகலம்தான் மிச்சம். எங்களுக்கு முன்னால் எம்சாண்ட் ஏற்றிய டிப்பர் புகுந்தது. மேலே தார்ப்பாய் இல்லை. டிப்பர் குலுங்கக் குலுங்க மண் புகை மாதிரி எழும்பியது. முன்னால் ஒன்றும் தெரியவில்லை.

பிரேக் போட்டேன். எஞ்சினை அணைத்தேன்.

"என்னண்ணே?"

"மண்ணு அடங்கட்டும்."

"அண்ணே, மணி ஒம்பது அம்பத்தஞ்சு! இன்னும் டவுனைத் தாண்டணும்ணே!"

"தெரியும்."

"எஞ்சின் போனாப் போகட்டும்ணே! நான் வேற எஞ்சின் வாங்கிக்கிறேன்! எடுங்கண்ணே!" சாவிக்குக் கையை நீட்டினார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன. சம்சாரம் குலசாமி பேரைச் சொல்ல ஆரம்பித்தார்.

"விடுய்யா" என்றார் ஆசாரி. "கண்ணு தெரியாத இடத்துல நானும் ஊசியத் தூக்க மாட்டேன்."

நான்கு நிமிடம் நின்றோம். மண் அடங்கியது. எடுத்தேன்.

எஞ்சின் அவருடையது. நேரமும் அவருடையது. நின்றது மட்டும் என் முடிவு. சரியா தப்பா என்று பின்னாட்களில் பலமுறை யோசித்திருக்கிறேன். எஞ்சின் போயிருந்தால் டவுனில் ஆற்றுப் பாலத்தின் நடுவில் நின்றிருப்போம், கிடாவோடு. போகாமலும் இருந்திருக்கலாம். இந்த வேலையில் நடக்காமல் போனதற்கு யாரும் ரசீது தர மாட்டார்கள். நீங்களே முடிவு எடுத்து, நீங்களே அதோடு இருந்துகொள்ள வேண்டும்.

டவுனில் நெரிசல். வீட்டு வாசலில் நின்றபோது பத்து இருபத்தாறு. பந்தலுக்கு வெளியே மாப்பிள்ளை போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டரம்மா வரவில்லை. கிளினிக்கில் கூட்டமாம். ஆனால் பந்தல் நடுவில் நாற்காலியில் சித்தப்பா மகன் உட்கார்ந்திருந்தார். புதுப் பட்டுச் சட்டை. மடியைக் கூட விரித்து வைத்திருந்தார். பிள்ளையை அவரிடம் கொடுக்கப் போய்க்கொண்டிருந்தார்கள்.

விதைக்கடைக்காரர் ஓடினார். செருப்பு ஒன்று வாசலில், இன்னொன்று பந்தலில்.

"எந்திரிங்க!"

"வாங்க மச்சான். தண்ணி குடிங்க."

"எந்திரிங்கன்னேன்!"

அவர் எழுந்தார். இவர் உட்கார்ந்தார். பிள்ளையை வாங்கி மடியில் வைத்தார். பத்து இருபத்தேழு.

ஆசாரி மெதுவாக நடந்து வந்தார். பெட்டியைத் திறந்தார். மூக்குக் கண்ணாடியை எடுத்தார், துடைத்தார், மாட்டினார்.

"பெரியவரே, சீக்கிரம்" என்றார் மாப்பிள்ளை.

"காது எங்கயும் ஓடிராது தம்பி." பேனாவால் இரண்டு காதிலும் புள்ளி வைத்தார். தள்ளி நின்று, இரண்டும் ஒரே மட்டமாக இருக்கிறதா என்று பார்த்தார். தாயையும் பார்க்கச் சொன்னார். பிறகு குத்தினார். பிள்ளை வீறிட்டது. ஒரு காது முடிந்தது.

"பத்தரை!" என்றார் மாப்பிள்ளை. போனை எல்லோருக்கும் காட்டினார். "நிறுத்துங்க. ராகு காலம் வந்துருச்சு."

ஆசாரி இரண்டாவது கம்பியைக் கையில் வைத்தபடி நின்றார். பந்தலில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒரு காதில் ஓட்டை நல்ல நேரத்தில் விழுந்துவிட்டதால் ஆரம்பம்தான் கணக்கு, மற்றதையும் குத்தலாம் என்றார் ஒருவர். ஒரு காதோடு விட்டால் பிள்ளைக்கு ஆகாது என்றார் இன்னொருவர். ராகு காலத்தில் குத்தினால் யாருக்கும் ஆகாது என்றார் மூன்றாமவர். கடைசியில் பன்னிரண்டுக்கு மேல் இன்னொரு காது என்று முடிவானது.

"அப்ப எந்திரிங்க மச்சான். சாப்பிட்டுட்டு வாங்க. பன்னெண்டுக்குப் பாத்துக்கலாம்" என்றார் மாப்பிள்ளை.

விதைக்கடைக்காரர் சித்தப்பா மகனைப் பார்த்தார். அவர் நாற்காலிக்கு ரொம்பப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"நான் எந்திரிக்க மாட்டேன் மாப்ள."

"ஒன்றரை மணி நேரம் மச்சான்!"

"இருக்கட்டும்."

"ஒண்ணுக்கு வந்தா?"

"வராது."

பிள்ளை அழுது அழுது அவர் மடியிலேயே தூங்கியது. அவர் அசையவில்லை. பந்தி போட்டார்கள். எல்லோரும் சாப்பிட்டார்கள். நானும் சாப்பிட்டேன். பதினொன்றேகாலுக்கு அவர் தங்கச்சி ஒரு தட்டில் சாப்பாட்டைப் போட்டு எடுத்து வந்து, நாற்காலி பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். பிசைந்து ஊட்டினார். மூன்று வாய் வாங்கியபின் அவருக்கு விக்கியது. தங்கச்சி தலையில் தட்டினார். கையில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியது. முகர்ந்து பார்த்தார்.

"என்னண்ணே, தலையில மிளகு வாசம் வருது?"

"அது பெரிய கதைத்தா" என்றார். "அப்பறம் வீட்டுக்கு வா, சொல்றேன்."

"வாரேன்" என்றார் தங்கச்சி.

பன்னிரண்டு தாண்டியதும் ஆசாரி இரண்டாவது காதைக் குத்தினார். பிள்ளை விழித்து, முதல் காதைவிடப் பெரிதாக அழுதது. விதைக்கடைக்காரர் பிள்ளையைத் தங்கச்சி கையில் கொடுத்துவிட்டு எழப் பார்த்தார். முடியவில்லை. இரண்டு காலும் மரத்திருந்தன. ஒரு பக்கம் நானும், மறுபக்கம் மாப்பிள்ளையும் பிடித்துத் தூக்கி நிறுத்தினோம். மாப்பிள்ளை போனில் மணி பார்த்தார். பன்னிரண்டு மூன்று.

அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது தொண்ணூற்றாறு நிமிடம்.